வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் காணாமல் போகும் 50 நிமிடங்கள்

அரைத்தூக்கம் (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் அம்மா போனில் வழக்கம்போலக் கேட்டார்: "இன்னைக்கு என்ன பண்ணே?" "ஒரே பிசிம்மா" என்றேன். "அது சரி, என்ன பண்ணே?" என்று விடாமல் கேட்டார். யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை. காலை 7 மணிக்கு எழுந்தவன் இரவு 11 மணிக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன். நடுவில் 16 மணி நேரம் எங்கேயோ போயிருக்கிறது. உடம்பு அசந்துபோயிருக்கிறது, கையில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

எரிச்சலில் மறுநாளே ஒரு சின்ன நோட்டு எடுத்து, அரை மணிக்கு ஒரு வரி என்று மூன்று நாள் எழுதினேன். வகுப்பும் லேபும் எதிர்பார்த்த அளவுதான். திருடன் அங்கே இல்லை. இரண்டு வகுப்புக்கு நடுவில் 50 நிமிடம் கிடைக்கிறதே, நாளுக்கு இரண்டு முறை, அதில்தான் இருந்தான்.

ஒரு இடைவெளியைப் பிரித்துச் சொல்கிறேன். அந்தக் கட்டடத்திலிருந்து நூலகத்துக்கு நடக்க 8 நிமிடம். ப்ளக் இருக்கும் நாற்காலியைத் தேட 10 நிமிடம். லேப்டாப் விழித்துக்கொள்ள, கடவுச்சொல்லைத் தப்பாக அடிக்க, அது என்னவோ அப்டேட் கேட்க, 5 நிமிடம். வகுப்புக் குழுவில் வந்து குவிந்த செய்திகளுக்கு 7 நிமிடம். மீதி 20. அதில் அடுத்த வகுப்புக்கு நடக்க 8 போனால் கையில் நிற்பது 12 நிமிடம். "12 நிமிடத்தில் எதைத் தொடங்குவது?" என்று போனை எடுத்துவிடுகிறேன். அப்புறம் ராத்திரி 10 மணிக்கு மேல்தான் 'உண்மையான' வேலை ஆரம்பம். மூன்று நாளும் இதே கதை.

மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேடு வேறு தலைக்கு மேல் நிற்கிறது. அந்த 50 நிமிடத்தை நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

மூன்றாம்பெஞ்சு

முதலில் ஒரு தொழில் ரகசியம். ப்ளக்கைத் தேடாதீர்கள். ராத்திரியே முழுக்கச் சார்ஜ் போட்டுவிட்டு, பகலில் லேப்டாப்பைப் பையை விட்டு வெளியே எடுக்காமல் இருங்கள். 10 நிமிடமும் 5 நிமிடமும் ஒரே அடியில் மிச்சம்.

அடுத்தது, நூலகத்துக்கு எதற்கு நடக்கிறீர்கள்? நான் அடுத்த வகுப்பு நடக்கப்போகும் அறைக்குப் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவேன். நடை ஒரு தடவையோடு முடிந்தது. தரை சில்லென்று இருக்கும், எதிரே சுவர் இருக்கும், வேடிக்கை பார்க்க எதுவும் இருக்காது. இதைவிட நல்ல படிப்பறை எங்கள் கல்லூரியில் இல்லை.

உட்கார்ந்து என்ன செய்வேன் என்றால், சத்தியமாக, பாதி நாள் தூங்குவேன்.

காகிதப்புலி

நோட்டில் எழுதிப் பார்த்தது நல்ல காரியம். அதையே இன்னொரு பக்கமும் திருப்புங்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தீர்கள், எவ்வளவு ஆனது என்று எழுதுங்கள். நான் லேப் ரெக்கார்டுக்கு எப்போதும் ஒரு மணி நேரம்தான் ஒதுக்குவேன். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் 2 மணி 40 நிமிடம். மூன்று முறை அளந்தும் இரண்டரைக்குக் கீழே இறங்கவே இல்லை. நான்காவது முறையும் மனசு "ஒரு மணி நேரம் போதும்" என்றுதான் சொல்லிற்று!

இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயர். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் இதைப் பற்றி எழுதினார்கள். 1994-இல் ரோஜர் ப்யூலரும் அவருடன் இருந்தவர்களும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் "எத்தனை நாளில் முடிப்பீர்கள்?" என்று கேட்டார்கள். சராசரி பதில் 34 நாள். "எல்லாமே சொதப்பினால்?" என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். கடைசியில் ஆனது 55 நாளுக்கும் மேல். அதாவது சொதப்பலுக்கென்று போட்ட கணக்கே போதவில்லை.

ஆய்வேடு தலைக்கு மேல் நிற்கிறது என்றீர்களே, அதனால் சொன்னேன். பயமுறுத்துவதற்காக இல்லை. சரி, கொஞ்சம் பயமுறுத்தவும்தான்.

மூன்றாம்பெஞ்சு

புலி வந்தாச்சு. இனி ஒவ்வொரு பதிவிலும் ஒரு ஆண்டு எண்ணை எதிர்பார்க்கலாம்.

இரவுப்பணி

இழை முழுவதும் படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், படிக்கும்போது கொஞ்சம் எரிந்தது.

நான் மாலை 5 மணியிலிருந்து 11 மணி வரை வேலைக்குப் போகிறவன். வாரத்தில் ஐந்து நாள். உங்களுக்குக் காணாமல் போகும் 50 நிமிடம்தான் எனக்கு இருக்கும் மொத்த நேரமே. "ராத்திரி 10 மணிக்கு உண்மையான வேலை" என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த 10 மணிக்கு நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

இதில் குழு ப்ராஜெக்ட் என்று ஒன்று. என் குழுவில் நான்கு பேர். மீதி மூவரும் ஒவ்வொரு முறையும் "ராத்திரி 8 மணிக்குக் கால் போடலாம், எல்லோரும் ஃப்ரீதானே?" என்பார்கள். நான் இல்லாமலே முடிவெடுப்பார்கள். மறுநாள் காலையில் எனக்கு வருவது படிக்க முடியாத 140 செய்திகள். இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொன்னால் சலுகை கேட்கிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இடைவெளியில் என்ன செய்வேன் என்ற கேள்விக்குப் பதில்: சின்னச் சின்ன அட்டைகள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். அட்டையைத் திருப்புவதற்கு முன்னால் பதிலை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். தப்பாகச் சொன்ன அட்டை நாளைய கட்டுக்கு, சரியாகச் சொன்னது அடுத்த வாரக் கட்டுக்கு. பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு கையால் செய்யலாம். மேசை வேண்டாம், ப்ளக் வேண்டாம், மூட் வேண்டாம். 12 நிமிடத்தில் 20 அட்டை போகும்.

காகிதப்புலி

இரவுப்பணி, நீங்கள் கையால் செய்வதைத்தான் செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1970-களில் கட்டுக்குப் பதில் பெட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார். இன்றைய அட்டை ஆப்கள் அதன் பேரப்பிள்ளைகள்.

வாய்விட்டுச் சொல்வதற்கும் ஆதாரம் உண்டு. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் மாணவர்களுக்குச் சின்னப் பாடப்பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு சாராரை மறுபடி படிக்கச் சொன்னார்கள், இன்னொரு சாராரைப் பார்க்காமல் எழுதச் சொன்னார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து அப்படியே தலைகீழ்: படித்தவர்களுக்கு 42, எழுதியவர்களுக்கு 56. திரும்பத் திரும்பப் படிக்கும்போது வருகிற "ஆஹா, தெரிகிறது" என்ற நிறைவு பரீட்சை நாள் வரைக்கும் கூட வராது.

(ஆண்டு எண் போட்டுவிட்டேன், மூன்றாம்பெஞ்சு. சந்தோஷமா?)

அரைத்தூக்கம்

இரவுப்பணி, மன்னிக்கவும். எங்கள் குழுவிலும் வேலைக்குப் போகும் ஒரு பையன் இருக்கிறான். "அவன் கால்ல வரவே மாட்டான்" என்று போன மாதம் நானும்தான் சொன்னேன். அவனுக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று யாருமே கேட்கவில்லை. உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். பிசி என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை இருக்கிறது. "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "தூங்கவே நேரமில்லை" என்று சொல்வது, மார்க் சொல்வது மாதிரி ஆகிவிட்டது.

பழைய ஏடு

ஆராய்ச்சி மாணவி. நான்கு வருடமாக இளங்கலை மாணவர்களுக்கு லேபும் எடுக்கிறேன். அதனால் இந்த இடைவெளியை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன்.

தம்பி அரைத்தூக்கம், அந்த 50 நிமிடத்தை முழுக்க வேலையால் நிரப்ப வேண்டும் என்று கிளம்பாதீர்கள். நான் அப்படி ஒரு செமஸ்டர் செய்தேன். கால அட்டவணையில் வெள்ளைக் கட்டமே இருக்காது, எல்லாம் வண்ணம். அந்த செமஸ்டரில்தான் என் வாழ்க்கையிலேயே மோசமான மதிப்பெண். ஒரு பாடத்திலிருந்து எழுந்து இன்னொன்றுக்குப் போனால் மனசும் கூடவே எழுந்து வந்துவிடுவதில்லை. பழைய வேலையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. சோஃபி லெராய் என்பவர் 2009-இல் இதற்கு கவனத்தின் எச்சம் என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார். முடிக்காமல் பாதியில் விட்டு வந்த வேலை என்றால் எச்சமும் அதிகம். வெப்ப இயக்கவியல் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து கட்டுரை எழுத உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

அதனால் நான் இப்போது செய்வது ஒன்றே ஒன்று. வகுப்பு முடிந்ததும் எழுந்திருக்க மாட்டேன். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, நோட்டை மூடிவைத்துவிட்டு, இன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று ஒரு வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து எழுதுவேன். 7 நிமிடம், கூடிப்போனால் 10. எழுத வராத இடத்தில் ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறி மூன்றுக்கு மேல் போனால், ஆசிரியர் கதவைத் தாண்டுவதற்குள் பிடித்துக் கேட்டுவிடுவேன். அப்புறம் மீதி 40 நிமிடம் என் சொந்தச் சொத்து. மரத்தைப் பார்ப்பேன், யாரிடமாவது வம்பளப்பேன். குற்ற உணர்ச்சி கிடையாது.

ஒரு எச்சரிக்கை. "ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் மறந்துவிடும்" என்று ஒரு வளைகோடு படம் எல்லா இடத்திலும் சுற்றுகிறதே, அதை வகுப்புக்கு அப்படியே பொருத்தாதீர்கள். அது ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885-இல் வெளியிட்டது. அவர் மனப்பாடம் செய்தது அர்த்தமே இல்லாத அசைகளை. சோதிக்கப்பட்ட ஆளும் அவர் ஒருவரேதான். மறுபடி கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதைத்தான் அளந்தார். 20 நிமிடம் கழித்து 58 சதவீதம் மிச்சம், ஒரு மணி நேரத்தில் 44, ஒரு நாளில் 34, ஒரு மாதம் கழித்தும் 21. எனக்கு அந்தக் கடைசி எண்தான் பிடிக்கும். அர்த்தமில்லாத அசையே ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாருங்கள்.

மூன்றாம்பெஞ்சு

ஏடு அக்கா, வெள்ளைத்தாள் என்றதும் ஞாபகம் வந்தது. குறிப்பைக் கையால் எழுதுவதா, லேப்டாப்பில் தட்டுவதா? கையால் எழுதினால்தான் மண்டையில் ஏறும் என்று 2014-இல் நிரூபித்துவிட்டார்களாமே? (நானும் ஆண்டு எண் போட்டுவிட்டேன்.)

காகிதப்புலி

முல்லர், ஓப்பன்ஹைமர் ஆய்வைச் சொல்கிறீர்கள். தட்டுகிறவர்கள் சொன்னதைச் சொன்னபடி இறக்கிவிடுகிறார்கள், கையால் எழுதுகிறவர்களுக்கு வேகம் போதாது, அதனால் சுருக்கியாக வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் விளக்கம். 2019-இல் வேறொரு குழு அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. எனவே 'நிரூபித்துவிட்டார்கள்' என்பது பெரிய வார்த்தை. உங்களுக்கு எது தோதோ அது. படிக்கட்டில் தூங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

வாலில்லாக்குருவி

வணக்கம். முதலாம் ஆண்டு. இங்கே முதல் பதிவு.

நீங்கள் எல்லோரும் நேரம் வீணாவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு அந்த 50 நிமிடத்தில் வேறு பிரச்சினை. எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மூன்று நான்கு பேராகப் பிரிந்து போய்விடுகிறார்கள். அது எப்போது நடந்தது, எந்த நாளில் அந்தக் கூட்டங்கள் அமைந்தன என்றே புரியவில்லை. முதல் வாரம் காய்ச்சலில் நான் வரவில்லை. திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

போனைப் பார்ப்பதுபோல் நடிப்பேன். சில நாள் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவசரமாக எங்கோ போகிற மாதிரி திரும்பி வருவேன். அடுத்த வகுப்புத் தொடங்கினால்தான் மூச்சு வரும். பார்க்கிறவர்களுக்கு நான் ரொம்ப பிசி என்று தோன்றும்.

அரைத்தூக்கம்

குருவி, இரண்டு வருடம் முன்னால் இதை நான் எழுதியிருப்பேன். கட்டடத்தைச் சுற்றியதில்லை, ஆனால் அறிவிப்புப் பலகையில் இருந்த அத்தனை தாளையும் படித்திருக்கிறேன். முந்தைய வருடத்துச் செஸ் போட்டி முடிவுகள் உட்பட.

இப்போது தோன்றுகிறது, நான் 12 நிமிடத்துக்குப் போனை எடுப்பதில் பாதி அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான். நேரம் போதவில்லை என்பது மேலே போர்த்திய துணி.

இரவுப்பணி

குருவி, அண்ணனாக ஒன்று சொல்கிறேன். கூட்டத்தில் சேர முயற்சி செய்யாதீர்கள், அது கஷ்டம். ஒரே ஒரு ஆள் போதும். லேபில் உங்கள் மேசையில் இருப்பவரிடம், போன வாரம் எடுத்த அளவு சரியா என்று கேளுங்கள். பாடத்தைப் பற்றிக் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பதில் தெரிந்த கேள்வியையே கேட்கலாம், பரவாயில்லை. நான் வேலைக்கு ஓடுவதால் எனக்கும் கூட்டம் அமையவில்லை. ஒருவன் இருக்கிறான். நான் வராத நாளில் அவன் நோட்டு, அவன் வராத நாளில் என் நோட்டு. மூன்று வருடமாக அதில்தான் ஓடுகிறது.

பழைய ஏடு

லேப் எடுக்கிறவள் என்ற முறையில் ஒரு உள் தகவலும் சொல்கிறேன். அந்த மூன்று நான்கு பேர் கூட்டங்களில் பாதி, இரண்டாவது செமஸ்டரில் கலைந்து வேறு மாதிரி சேரும். வருடா வருடம் பார்க்கிறேன். அன்றைக்கு அமைந்தது முடிந்த முடிவு என்று நினைக்காதீர்கள். அப்புறம், எங்களிடம் வந்து சந்தேகம் கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு. ஆசிரியர் அறை நேரம் என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கும் நேரத்தில் முக்கால்வாசி நாள் நாங்கள் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறோம். வாருங்கள்.

அரைத்தூக்கம்

பத்து நாள் கழித்து வருகிறேன். என்ன ஆயிற்று என்று சொல்லாமல் போனால் சரியில்லை.

நோட்டு நான்காவது நாளோடு நின்றது. படிக்கட்டு யோசனை இரண்டு நாள் நன்றாக வேலை செய்தது, மூன்றாம் நாள் தூங்கிப்போய் வகுப்புக்குப் பின்கதவு வழியாக நுழைந்தேன். நன்றி, மூன்றாம்பெஞ்சு. ஏடு அக்கா சொன்ன வெள்ளைத்தாளை ஆறு வகுப்பில் செய்தேன். முதல் தாளில் மூன்று வரிக்கு மேல் வரவில்லை. ஒரு மணி நேரம் தலையாட்டிக்கொண்டு கேட்ட வகுப்பு அது! தலை ஆடியதே தவிர உள்ளே எதுவும் இறங்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறாவது தாள் ஒரு பக்கம் வந்தது. எல்லா வகுப்பிலும் முடிவதில்லை, சில அறைகளில் அடுத்த வகுப்புக்காரர்கள் உள்ளே வந்து தலைக்கு மேல் நிற்பார்கள்.

குழுக் கூட்டத்தை ராத்திரியிலிருந்து மதிய இடைவெளிக்கு மாற்றச் சொன்னேன். ஒருவர் முணுமுணுத்தார். வேலைக்குப் போகும் பையன் முதல் தடவையாக வந்தான். ராத்திரி ஒன்றே முக்கால் மணி நேரம் இழுக்கும் பேச்சு 35 நிமிடத்தில் முடிந்தது. அவனேதான் பாதி வேலையைப் பிரித்துக் கொடுத்தான். நாங்கள் மூன்று வாரமாகச் சுற்றிச் சுற்றி வந்த ஒரு இடத்தை, "இது இல்லாமலே ப்ராஜெக்ட் நிற்குமே" என்று ஒரே வரியில் வெட்டிவிட்டான்.

ராத்திரி 10 மணி வேலை இன்னும் இருக்கிறது. 9 மணிக்கு ஒரு காபியும் இருக்கிறது. 1 மணிக்குப் படுத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

காகிதப்புலி

35 நிமிடத்தில் முடிந்ததற்குக் காரணம் அடுத்த வகுப்பு. 1955-இல் பார்க்கின்சன் என்ற வரலாற்றாசிரியர் கிண்டலாக எழுதியதுதான், கொடுத்த நேரம் முழுவதற்கும் வேலை பரந்துகொள்ளும் என்று. வேலையில்லாத ஒரு மூதாட்டி ஒரு தபால் அட்டை அனுப்ப நாள் முழுவதையும் செலவழிப்பதை உதாரணம் காட்டுவார். உங்கள் ராத்திரிக் கூட்டம் அந்தத் தபால் அட்டை.

காபியைப் பற்றி: உடம்பில் போன காஃபீனில் பாதி கழிய பலருக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் நிறைய மாறும். 9 மணிக்குக் குடித்ததில் கிட்டத்தட்ட பாதி ராத்திரி 2 மணிக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கும். தூக்கத்தை வரவழைக்கும் அடினோசினின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். களைப்பு எங்கேயும் போகவில்லை, வெளியே வரிசையில் நிற்கிறது.

இரவுப்பணி

அந்தப் பையனைப் பற்றி எழுதியதற்கு நன்றி. உங்கள் பதிவைப் படித்துவிட்டு நானும் மூன்றாவது முறை கேட்டேன். சனிக்கிழமை காலை என்று முடிவாகியிருக்கிறது. பார்க்கலாம்.

வாலில்லாக்குருவி

ஒரு சின்னச் செய்தி. லேபில் கேட்கலாம் என்று இரண்டு வாரமாக ஒரு கேள்வியைத் தயார் செய்து வைத்திருந்தேன். கேட்க வேண்டியே வரவில்லை. நேற்று நூலகத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் தானாகத் திரும்பி, சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். அடுத்த வகுப்பு வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் துறைதானாம், வேறு பிரிவு. பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

மூன்றாம்பெஞ்சு

அதெல்லாம் நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம். சார்ஜரைத் திரும்ப வாங்கினீர்களா?

வாலில்லாக்குருவி

ஐயோ.